படத்தில் நீங்கள் பார்த்த பெட்டி

1

அளவெட்டிப் பக்கத்து ஆட்களில் பாதிப்பேராவது அந்தப் படத்தைப் பார்த்திருப்பீர்கள். கை மாறி, வீடு மாறி, மூலை மடிந்து, இப்போது யாரிடம் இருக்கிறதோ தெரியாது. செப்பு நிறத்தில் ஒரு சவப்பெட்டி. மூடியின் மேல்பாதி திறந்திருக்கிறது. உள்ளே வெள்ளைச் சாட்டின் மெத்தையில், நெற்றி நிறைய விபூதியோடு சபாரத்தினம் அண்ணை படுத்திருக்கிறார். பெட்டியின் கைபிடியில் ஒரு கையை வைத்துக்கொண்டு, புதுக் கார் எடுத்தவர் மாதிரி நிமிர்ந்து நிற்பவர் குலசிங்கம் அண்ணை. செத்தவரின் மனைவி யோகம் அக்காவின் கூடப்பிறந்த தமையன். மற்றப் பக்கத்தில் இரவல் கோட்டுக்குள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற ஒல்லி மனிதன் நான்.

படத்தில் இருக்கிற ஆட்கள் உண்மை. பெட்டியும் உண்மை. ஆனால் சபாரத்தினம் அண்ணை அந்தப் பெட்டியில் போகவில்லை. இதை ஒரு வருடமாகச் சொல்லாமல் இருந்ததற்கு என்னை நானே செருப்பால் அடிக்கவேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை வெக்ஸ்போர்ட்டில் குலசிங்கம் அண்ணை வீட்டில் செத்தவரின் முதல் வருட ஆட்டைத்திவசம் நடந்தது. ரொறன்ரோவில் ஐயர்மாருக்குக் கிராக்கி. எங்கள் ஐயர் வேறு இரண்டு வீடுகளை முடித்துக்கொண்டு பிந்தி வந்து, மந்திரத்தை விழுங்கி விழுங்கிச் சொல்லிவிட்டு, பூட்ஸைத் தேடிப் போட்டுக்கொண்டு போனார். பிறகு சாப்பாடு. ஹோலில் குலசிங்கம் அண்ணை ஆல்பத்தை விரித்து வைத்திருந்தார்.

“மச்சானுக்கு ஒரு குறையும் விடேல்லை. ராசா மாதிரி அனுப்பினனாங்கள். கேளுங்கோவன் மாஸ்டரிட்டை.”

மாஸ்டர் என்றால் நான். ஊரில் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படிப்பித்தேன். இங்கே ஒரு கட்டடத்துக்குக் காவல் இருக்கிறேன். வேலை போய்விட்டது, பட்டம் மட்டும் பிளேன் ஏறி வந்துவிட்டது. நான் வடையை வாய்க்குள் வைத்துக்கொண்டு தலையை ஆட்டினேன். வடை இருந்தது வசதியாகப் போயிற்று.

யோகம் அக்கா குசினிக்குள் கூப்பிட்டார். புருஷன் போனபின் அவர் தமையன் வீட்டு பேஸ்மென்டில்தான் இருக்கிறார். சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துவிட்டு ஒரு நீலக் கடிதத்தை நீட்டினார். எழுதியவர் ஊரில், அளவெட்டியில் இருக்கிற, சபாரத்தினம் அண்ணையின் தமக்கை. படம் அவர் கைக்கும் போயிருக்கிறது.

“என்ரை தம்பியை இரும்புப் பெட்டிக்குள்ளை பூட்டி நிலத்துக்குள்ளை தாட்டுப்போட்டியள். சைவப்பிள்ளைக்கு ஒரு கொள்ளி கிடைக்கேல்லை. நான் கும்பிட்ட கடவுள் உங்களைக் கேட்கும். இனி எனக்குக் கடிதம் போடவேண்டாம்.”

“அண்ணையிட்டைக் காட்டினீங்களோ?” என்று கேட்டேன்.

“காட்டினனான். எழுதிறதெண்டா அட்டைப்பெட்டிக் கதையையும் எல்லே எழுதவேணும், பேசாமல் இரு எண்டுறார்.” குரலைத் தாழ்த்தினார். “அவருக்குப் பெட்டி முக்கியம், மாஸ்டர். அங்கை மச்சாள் ஒரு வருசமா அழுதுகொண்டிருக்கிறா.”

2

சபாரத்தினம் அண்ணைக்குக் கனடாவில் ஒரே ஒரு எதிரிதான். அது குளிர்.

எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு வந்தவர்கள் நாங்கள். சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரே கட்டடம். அவர் ஒன்பதாம் மாடி, நான் பதினொன்று. அவருக்குக் கிடைத்த வேலையைப் பாருங்கள். பிறந்த நாள் முதல் முட்டை தொடாத மனிதனுக்கு, இறைச்சியை உறைய வைக்கிற குளிர் அறைக்குள் பெட்டி தூக்குகிற வேலை! வெளியே பனி, உள்ளே அதைவிடப் பனி. வேலை முடிந்து வந்தால் ஹீட்டருக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு கையைக் காட்டியபடி இருப்பார். தேத்தண்ணியைக் குடிக்கமாட்டார், முதலில் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார்.

எங்கள் கட்டடத்து அயர்லாந்துக்காரக் கிழவர் ஒருவரைப் புதைக்கப் போய்வந்த அன்று சபாரத்தினம் அண்ணை ஆடிப்போனார். நிலம் கல்லாக உறைந்திருந்ததால் மெஷின் வைத்துக் கிண்டியிருந்தார்கள்.

“மாஸ்டர், நான் செத்தா உந்த நிலத்துக்குள்ளை மட்டும் வைச்சிடாதேங்கோ. செத்தாப் பிறகாவது என்னை ஒருக்கா வடிவாச் சூடாக்கி விடுங்கோ.”

நாங்கள் எல்லோரும் சிரித்தோம். யோகம் அக்கா, “வாயைக் கழுவுங்கோ” என்று ஏசினார். பிள்ளை குட்டி இல்லாத இரண்டு பேர். இப்படி ஏசிக்கொண்டுதான் சந்தோசமாக இருந்தார்கள். இரண்டு மாதம் கழியவில்லை, வேலைக்குப் போகிற வழியில், சப்வே படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். தை மாதம். அதைவிடக் குளிரான நாள் அந்த வருடத்தில் இல்லை.

3

செலவுக்கும் செயலுக்கும் குலசிங்கம் அண்ணை பொறுப்பெடுத்தார். எங்களுக்கெல்லாம் முந்தி வந்தவர். வெக்ஸ்போர்ட்டில் வீடு, ஒஷாவாவில் கார் செய்கிற தொழிற்சாலையில் வெல்டிங் வேலை, ஹோலில் மகாராணியின் படம். பிரஜாவுரிமை எடுத்த அன்று மகாராணிக்கும் அவர் வாரிசுகளுக்கும் விசுவாசமாக இருப்பேன் என்று கை உயர்த்திச் சத்தியம் பண்ணியவர். மற்றவர்கள் அதை வாசலிலேயே மறந்துவிட்டு வருவார்கள். இவர் வீட்டுக்குக் கொண்டுவந்து சட்டம் போட்டு மாட்டிவிட்டார்.

பியூனரல் ஹோமுக்கு அவர், யோகம் அக்கா, மொழிபெயர்க்க நான். மனேஜர் உயரமான வெள்ளைக்காரர். இரகசியம் சொல்வதுபோலவே எப்போதும் பேசினார். கம்பளம் விரித்த படியால் கீழே இறக்கினார். சுற்றிவரப் பெட்டிகள். மரத்தில், இரும்பில், வெண்கலத்தில். கதவு மூலையில் ஒரு பழுப்பு அட்டைப்பெட்டி சாத்தி வைத்திருந்தது.

“உதென்ன, ரீவி வந்த பெட்டியோ?” என்றார் குலசிங்கம் அண்ணை. நானும் சிரித்தேன்.

செப்பு நிறப் பெட்டியைக் கண்டதும் மனிதன் அங்கேயே நின்றுவிட்டார். விரல் மடக்கித் தட்டினார். குனிந்து அடியைப் பார்த்தார். மூடியைத் தூக்கி விளிம்பைத் தடவினார்.

“பதினெட்டுக் கேஜ் ஸ்டீல். வெல்டிங்கைப் பாருங்கோ மாஸ்டர், ஒரு புள்ளி பிசகேல்லை. சுத்திவர ரப்பர் போட்டிருக்கிறான். நாங்கள் கார்க் கதவுக்குப் போடுற ரப்பரைவிட உது திறம்.”

மனேஜருக்கு இரை விழுந்தது தெரிந்துவிட்டது. இங்கிலாந்து ராசாக்களையும் ராணிகளையும் எப்படி வைப்பார்கள் தெரியுமா என்று ஆரம்பித்தார். ஓக் மரப் பெட்டிக்குள் ஈயத் தகடு. அதை ஈயத்தாலேயே ஒட்டிக் காற்றுப் புகாமல் அடைப்பு. பிறகு கோயிலுக்கு அடியில் கல்லறை. எத்தனையோ வருடம் கழித்துத் திறந்துபார்த்தபோது ஒரு ராசாவின் தாடிகூட அப்படியே இருந்ததாம். இந்தப் பெட்டியிலும் அதே முறைதானாம், ஈயத்துக்குப் பதிலாக உருக்கும் ரப்பரும். கடைசியில் ஒரு சாவியைப் போட்டுத் திருகினால் தண்ணீர் புகாது, காற்றுப் புகாது.

நான் மொழிபெயர்த்தேன். எப்படி மொழிபெயர்த்தேன்! எத்தனை நாளைக்குப் பிறகு என் இங்கிலீஷுக்கு ஒரு வேலை! மனேஜர் சொல்லாத “மாட்சிமை தங்கிய” ஒன்றை நானே சேர்த்துச் சொன்னேன். ஒரு ஏழைக் குடும்பத்தின் செத்தவீட்டில் நின்றுகொண்டு நான் பரிசளிப்பு விழா நடத்தினேன்.

கதிரையில் இருந்த யோகம் அக்கா ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “உதுக்குள்ளை குளிராதோ?”

“மெத்தை போட்டுக்கிடக்குப் பிள்ளை,” என்றார் தமையன். நான் அதை மனேஜருக்குச் சொல்லவே இல்லை.

பிறகு மனேஜர் பேனாவைத் திறந்து, குடும்பம் என்ன மாதிரிக் கிரியை செய்ய உத்தேசம் என்று கேட்டார். நான் இடறியது அங்கேதான். எங்கள் ஆட்கள் செத்தவீட்டில் “எத்தனை மணிக்கு எடுக்கினம்?” என்று கேட்பார்களே தவிர, எரிக்கிறது என்ற சொல்லைக் கட்டினவள் காதுபட வாயில் எடுக்கமாட்டார்கள். எனக்கு அதன் இங்கிலீஷ் தெரியும். வகுப்பில் எத்தனை தரம் எழுதியிருப்பேன். யோகம் அக்காவுக்கும் அந்த ஒரு சொல் விளங்கும் என்று பயந்தேன். ஆகவே “சமய முறைப்படி இறுதிப் பயணம்” என்று வடிவாக ஒன்றைச் சொன்னேன். எந்த மயானம் என்று கேட்டார். எங்கள் சனம் எல்லோரும் போகிற மயானத்தின் பெயரைச் சொன்னோம். அங்கே புதைகுழியும் உண்டு, புகைபோக்கியும் உண்டு. மிச்சத்தை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று குலசிங்கம் அண்ணை நெஞ்சில் தட்டினார். மயானத்துக்குத் தானே டெலிபோன் எடுத்து, நாளும் நேரமும் சொல்லி வைத்தார்.

ஆக, விற்றவன் புதைக்கப்போகிறோம் என்று நினைத்தான். வாங்கியவர்கள் எரிக்கப்போகிறோம் என்று நினைத்தார்கள். நடுவில் நின்ற படித்த மனிதன் மரியாதை காத்துக்கொண்டு நின்றான்.

4

அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்தால் மகள் தர்சினி மேசை நிறையப் புத்தகம் பரப்பி வைத்திருந்தாள். பதினொரு வயது. பள்ளிக்கூடத்தில் ராசாக்களைப் பற்றி எழுதச் சொல்லியிருந்தார்களாம். நான் பெருமையாக ஈயப்பெட்டிக் கதையை எடுத்துவிட்டேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“அப்பா, யூ நோ வட்? ஒரு கிங் எக்ஸ்ப்ளோட் பண்ணினவர்!”

இங்கிலாந்தைப் பிடித்த பழைய ராசா ஒருவராம். சரியான பருமன். கல்லால் செய்த பெட்டி சின்னனாகப் போய்விட, பிடித்து அமுக்கியிருக்கிறார்கள். வயிறு வெடித்துவிட்டது. கோயிலில் நின்ற பிரபுக்களும் பாதிரிமாரும் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினார்களாம். அதோடு நிற்கவில்லை. ஈயத்தால் அடைத்த பெட்டிகள் உள்ளே காற்று நிறைந்து ஊதிப்போகுமாம். அதற்கென்று ஒருவன் வந்து சின்ன ஓட்டை போட்டு, நாற்றத்தை வெளியே விட்டு, திரும்பவும் ஒட்டிவிட்டுப் போவானாம்.

“வெளியிலை இருந்து எயார் வராட்டியும், உடம்புக்குள்ளை இருக்கிற ஜேர்ம்ஸே போதும் அப்பா. இட் ஜஸ்ட் கெற்ஸ் வேர்ஸ். ஈவின் தி குவீன்.”

எனக்கு உள்ளூரச் சந்தோசமாகத்தான் இருந்தது. உலகத்தில் பாதியைக் கொள்ளையடித்துச் சேர்த்த ஈயமும் ஓக்கும் வெல்வெட்டும், கடைசியில் ஒரு நாற்றத்தை அடைத்து வைக்கப் போதவில்லை. இருக்கிறபோது விடாத அரச கதிரையைச் செத்தபிறகும் விடமாட்டோம் என்று அடம்பிடிக்கிற கூட்டம். எங்கள் நாட்டை நூற்றைம்பது வருடம் ஆண்டவர்களின் லட்சணம் இது. அவர்கள் படத்தைத்தான் குலசிங்கம் அண்ணை ஹோலில் தூசு தட்டுகிறார்.

அப்போதுதான் பிள்ளை கேட்டாள்: “பட், சபா அங்கிளை பேர்ன் பண்ணப்போறம் எண்டு சொன்னீங்கள். மெற்றல் பேர்ன் பண்ணுமா?”

எனக்கு ஏன் அப்படிக் கோபம் வந்ததென்று இன்றைக்கு நன்றாகத் தெரியும். “பெரிய ஆக்களின்ரை விசயத்திலை வாய் வைக்காதை” என்று கத்தினேன். அவள் புத்தகங்களை அள்ளிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். பிள்ளைகள் தமிழை விட்டுத் தூரப் போகிறார்கள் என்று கூட்டம் கூட்டிப் பேசுகிறோமே, அன்றைக்கு அந்த வீட்டில் தமிழில் சரியான கேள்வி கேட்ட ஒரே ஆள் அவள்தான்.

5

செத்தவீடு என்று நடந்ததை ஊரில் நீங்கள் பார்த்தால் சிரிப்பீர்கள். அரை மணித்தியாலத்தில் கிரியை. தேவாரம் மெதுவாகப் படிக்கவேண்டும், பக்கத்து அறையில் வேறு சவம். வாய்க்கரிசி கம்பளத்தில் சிந்தினால் கூட்டி அள்ளவேண்டும். ஆனால் படப்பிடிப்புக்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. குலசிங்கம் அண்ணை பெட்டியோடு நான்கு கோணத்தில் நின்றார். பிறகு மனேஜர் மூடியை இறக்கி, காலடிப் பக்கத்தில் சாவியைப் போட்டுத் திருகினார். ரப்பர் அமுங்கிய சத்தம் எனக்குக் கேட்டது. “பாத்தியளோ, காத்தும் புகாது!” என்று காதுக்குள் சொன்னார் குலசிங்கம் அண்ணை.

மயானத்தில், குலசிங்கம் அண்ணையின் கார் முன்னால் வழிகாட்ட, புகைபோக்கிக் கட்டட வாசலில் வண்டி நின்றது. உள்ளேயிருந்து தடித்த கையுறை போட்ட வேலைக்காரர் ஒருவர் வந்தார். பெட்டியைப் பார்த்தார். விரலை மடக்கி ஒரு தட்டுத் தட்டினார். குலசிங்கம் அண்ணை தட்டிய அதே தட்டு. இது இரும்பு, இதை உள்ளே விடமுடியாது என்றார்.

மனேஜரின் முகம் சிவந்தது. “எரிக்கப் போகிறீர்களா? ஒருவரும் எனக்குச் சொல்லவில்லையே.” எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எரிப்பதென்றால் வேறொரு கடுதாசியும் வேண்டுமாம், வைத்திய அதிகாரியின் கையெழுத்தோடு. அதற்கு ஆள் அனுப்பிப் பின்னேரத்துக்குள் எடுக்கலாமாம். ஆனால் பெட்டியைத் திறந்து, உடலை வெளியே எடுத்து, எரியக்கூடிய பெட்டிக்கு மாற்றவேண்டும். அந்த நேரத்தில் அங்கே இருந்தது ஒன்றே ஒன்று. பழுப்பு அட்டைப்பெட்டி, அடியில் பலகை.

குலசிங்கம் அண்ணை என்னைத் தள்ளிக்கொண்டு ஓரத்துக்குப் போனார். “திறக்க ஏலாது மாஸ்டர். சனம் முழுக்க நிக்குது. இஞ்சையே ஒரு இடம் எடுத்துப் புதைப்பம். ராசாக்களையே புதைக்கினம், எங்களுக்கென்ன வந்தது?”

பின்னால் யோகம் அக்கா நின்றார். பெண்கள் சுடலைக்குப் போவதில்லை என்று வீட்டில் நிற்கச் சொல்லியும் கேட்காமல் வந்தவர். காலில் புருஷனின் பெரிய பூட்ஸ்.

“அவர் ராசா இல்லை அண்ணை. அவருக்குக் குளிரும்.”

“பிள்ளை, நீ சும்மா இரு. மரியாதைக்குரிய விசயம்.”

“ஆரின்ரை மரியாதை? கேட்டவர் எல்லே. உங்கள் எல்லாருக்கும் முன்னாலை கேட்டவர் எல்லே, நிலத்துக்குள்ளை வைக்கவேண்டாமெண்டு.” என் பக்கம் திரும்பினார். “மாஸ்டர், பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கோ. எரிக்கவேணும் எண்டு இங்கிலீசிலை சொல்லுங்கோ.”

அவர் காதில் விழக்கூடாது என்று நான் மூன்று நாளாக விழுங்கிய சொல்லை அவரே சொல்லிவிட்டார். நான் மனேஜரிடம் போய், இவரை எரிக்கவேண்டும், நாங்கள் எரிக்கிற ஆட்கள் என்று சொன்னேன். சின்ன வசனம். பத்தாம் வகுப்புப் பிள்ளை சொல்லியிருக்கும்.

சாவி மறுபக்கம் திரும்பியது. கடுதாசி வரும்வரை மூன்று மணித்தியாலம் காத்திருந்தோம். சனத்தில் பாதி வேலை இருக்கிறதென்று கழன்றது. மிஞ்சிய நாலு பேர் சாட்டின் மெத்தையிலிருந்து அவரைத் தூக்கி அட்டைப்பெட்டிக்குள் வைத்தோம். வேட்டியை யோகம் அக்கா இழுத்துச் சரிசெய்தார். பொத்தானை அமத்தவேண்டியவர் குலசிங்கம் அண்ணை. இங்கே கொள்ளி என்றால் சுவரில் ஒரு பச்சைப் பொத்தான்.

“அட்டைப்பெட்டிக்கு நான் கொள்ளி வைக்கமாட்டன். சனம் காறித்துப்பும்.” சொல்லிவிட்டுப் பார்க்கிங் பக்கம் போய்விட்டார். செப்புப் பெட்டி நின்ற வண்டிக்குப் பக்கத்தில் காவல் நின்றார்.

நான் அமத்தட்டோ என்று கேட்டேன். யோகம் அக்கா வேண்டாம் என்று தலையாட்டினார். தானே போய்ப் பெருவிரலால் அமத்தினார். கதவுக்குப் பின்னால் நெருப்பு இரைந்தது. கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கத்துச் சுவர் சூடேறத் தொடங்கியது. அவர் கையுறையைக் கழற்றிவிட்டு உள்ளங்கையை அந்தச் சுவரில் வைத்துக்கொண்டு நின்றார். வேலைக்காரர் தடுக்கவில்லை.

6

பாவித்த பெட்டியைத் திருப்பி எடுக்கமாட்டோம் என்று பியூனரல் ஹோம் சொல்லிவிட்டது. குலசிங்கம் அண்ணை ஒரு வான் வண்டியில் ஏற்றி, படுக்கை விரிப்பால் மூடி, வெக்ஸ்போர்ட்டுக்குக் கொண்டுவந்தார். அவருடைய மனைவி அதைப் படலைக்குள் விடமாட்டேன் என்று நின்று, கடைசியில் கராஜ் வரைக்கும் இறங்கிவந்தார். அன்றிலிருந்து கார் வெளியே ஸ்னோவில் நிற்கிறது, பெட்டி உள்ளே நிற்கிறது.

திவசத்தன்று நான் கராஜுக்குப் போய் அந்த விரிப்பைத் தூக்கிப் பார்த்தேன். ஒரு வருடம். துளி துரு, கறள் இல்லை. ரப்பர் விரல் வைத்தால் அமுங்குகிறது. மனேஜர் பொய் சொல்லவில்லை. அழியாமல் இருக்கிறது, பெட்டி. ஹோலில் இருந்து குலசிங்கம் அண்ணையின் குரல் கேட்டது, ராசா மாதிரி அனுப்பினோம் என்று இன்னொருவருக்கு.

திரும்பிக் குசினிக்குள் வந்தேன். யோகம் அக்கா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்.

“ஊர்ச் சனம் வாசிக்கிறமாதிரி நான் எழுதிறன் அக்கா. உங்கடை மச்சாளுக்கு எப்பிடியும் போய்ச் சேரும். எல்லாத்தையும் எழுதட்டோ?”

“எழுதுங்கோ.”

“நான் வாயைத் திறக்காமல் நிண்டதும் வரும். அட்டைப்பெட்டியும் வரும். நீங்கள் பொத்தானை அமத்தினதும் வரும். ஊரிலை கதைப்பினம். இஞ்சை அண்ணையும் சும்மா விடமாட்டார். நீங்கள் அவரின்ரை வீட்டிலை எல்லே இருக்கிறீங்கள்.”

அவர் பைப்பை மூடினார். ஈரக்கையோடு என்னைப் பார்த்தார்.

“கதைக்கட்டும். இறங்கிப் போ எண்டா இறங்கிப் போறன். நீங்கள் எழுதுங்கோ மாஸ்டர். ஆனா உந்தப் பெட்டி, படம் எல்லாம் பிறகு எழுதுங்கோ. அவருக்குக் குளிரேல்லை எண்டு மச்சாளுக்கு முதல் எழுதுங்கோ. நான் சுவரிலை கை வைச்சுப் பாத்தனான் எண்டு எழுதுங்கோ.”